ஊர்விட்டுப் போகாத அறிஞர்கள்: மட்டாஞ்சேரியும் மாநாட்டுப் பயணங்களும்

நெடும்பாசேரியிலுள்ள கொச்சிப் பன்னாட்டு விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கி வருகிறது. 12 மெகாவாட் திறனுடன் தொடங்கிய அம்முயற்சி, உலகிலேயே இத்தகைய முதல் விமான நிலையம் என்ற பெயரைப் பெற்றது; 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அங்கிருந்து மேலெழும் விமானம் எரிப்பது பெட்ரோலிய எரிபொருளைத்தான். ஐரோப்பாவிலிருந்து ஒரு கருத்தரங்குக்காகக் கொச்சி வந்து திரும்பும் ஒருவரின் பங்காகக் காற்றில் சேரும் கரியமில வாயு ஒரு டன்னைத் தாண்டும். இந்தியர் ஒருவரின் ஓராண்டுச் சராசரியே ஏறத்தாழ 2 டன். மூன்று நாள் அமர்வில் இருபது நிமிடக் கட்டுரை ஒன்றை வாசிப்பதற்குக் கொடுக்கும் விலை இது.

இக்கணக்கு ஆய்வுலகில் இன்று பெரிதும் பேசப்படுகிறது. ரயிலில் செல்லலாம், இணையவழியில் பங்கேற்கலாம், ஈடாக மரம் நடலாம் என்ற விடைகளும் முன்வைக்கப்படுகின்றன. இவை அனைத்தும் வாகனத்தையும் எரிபொருளையும் பற்றிய விடைகள். அறிஞர் ஒருவர் எதற்காகப் பயணம் செய்கிறார், அப்பயணத்தால் யாருக்கு என்ன வந்து சேர்கிறது என்ற கேள்வி அவற்றுக்கு முந்தையது. நிலக்கரியோ எண்ணெயோ கப்பலை ஓட்டாத காலத்தில் கண்டங்களுக்கிடையே அறிவுப் பரிமாற்றம் நடத்திய ஊர் கொச்சி. அதன் மட்டாஞ்சேரிப் பகுதியும் அடுத்துள்ள கோட்டைப் பகுதியும் விட்டுச்சென்றிருக்கும் சான்றுகள் இக்கேள்வியை ஆராய உதவுகின்றன.

அக்காலப் பயணத்தின் அட்டவணையைக் காற்றே வகுத்தது. கொச்சிக்கு வடக்கே பெரியாற்று முகத்தில் இருந்த முசிறிக்கு வரும் வழியைக் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி விவரிக்கிறார். கோடையின் நடுவில் எகிப்தின் செங்கடல் துறையை விட்டுப் புறப்படும் கப்பல், அரேபியாவின் தென்முனையிலிருந்து 40 நாட்களில் முசிறியை அடையும்; திரும்புவதோ டிசம்பரில் அல்லது ஜனவரியின் முற்பகுதியில். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்தவரை வடகிழக்குக் காற்றுத்தான் திருப்பி அனுப்ப இயலும். இடைப்பட்ட மாதங்களில் வந்தவர் இவ்வூரில் தங்கியாக வேண்டும். தங்கியவர் மொழி கற்றார், உறவு கொண்டார், சிலர் திரும்பவே இல்லை. வணிகத்தின் பொருட்டும் அடைக்கலம் தேடியும் வந்து குடியேறிய கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர் எனப் பல சமூகத்தார் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து வாழ்ந்த மட்டாஞ்சேரி, இந்த நெடுந்தங்கலின் மரபில் உருவான ஊர்.

அம்மரபின் மிகப் பெரிய அறிவு விளைவு 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்'. 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1670களில் ஹென்ட்ரிக் வான் ரீடேயை மலபாரின் ஆளுநராக அமர்த்தியிருந்தது. மலபாரின் தாவரங்களையும் அவற்றின் மருத்துவப் பயன்களையும் பதிவுசெய்ய அவர் முற்பட்டார். சேர்த்தலை வட்டாரத்துக் கரப்புறத்தைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கொங்கணிப் பிராமணர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட். இத்தாலியக் கர்மலீத்தத் துறவி மத்தேயு. மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ. இலத்தீன் வடிவத்துக்கு உழைத்த பாதிரியார் கசேரியஸ் ஆகியோர் இப்பணியில் ஒன்றுகூடினர். செய்தி மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியத்துக்கும், அதிலிருந்து டச்சுக்கும் இலத்தீனுக்கும் சென்றது. நூலின் செப்புத்தகட்டுப் படங்களில் தாவரப் பெயர்கள் உரோமன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. 1675 ஏப்ரலில் இட்டி அச்சுதன் கோலெழுத்திலும், கொங்கணி அறிஞர் மூவரும் நாகரியிலும் எழுதிய சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளன. 742 தாவரங்களை விளக்கும் 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின.

இன்றைய சொல்லில் இதை ஒரு பன்னாட்டு ஆய்வரங்கு எனலாம். மருத்துவர்கள் தமக்குள் கருத்து வேறுபட்டு வாதிட்ட முறையை மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வான் ரீடேயே வியந்து பதிவுசெய்கிறார். ஆனால் இந்த அரங்கு நடந்தது தாவரங்களும் அவற்றை அறிந்தவர்களும் இருந்த இடத்தில். ஆம்ஸ்டர்டாமின் பேராசிரியர்கள் கொச்சிக்குக் கப்பலேறவில்லை. இட்டி அச்சுதனும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகவில்லை. கடல் கடந்தவை தாளும் படமும். அவற்றின் வீச்சு குறைவானதன்று. இந்திய மண்ணை ஒருபோதும் மிதிக்காத லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட தாவரப் பெயர்த்தொகுப்பில் மலபார்த் தாவரங்களுக்கு இந்நூலையே பெரிதும் சார்ந்திருந்தார். இந்நூலில் பதிவான 'மணில்காரா' என்ற மலையாளப் பெயரை அதான்சோன் 1763இல் ஒரு பேரினத்தின் பெயராக்கினார். மெக்சிகோவிலிருந்து வந்து நம் தோட்டங்களில் காய்க்கும் சப்போட்டா மரத்தின் அறிவியற்பெயர் இன்று 'மணில்காரா ஜப்போட்டா'. ஒரு வைத்தியரின் ஊர்ச்சொல் அவர் காணாத கண்டத்தின் மரத்துக்குப் பெயராயிற்று.

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் வரலாறு இதற்கு இணையான இன்னொரு சான்றைத் தருகிறது. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப்பள்ளியைச் சுற்றி வாழ்ந்த சமூகத்தைக் காண, ஆம்ஸ்டர்டாமின் போர்ச்சுகீசிய யூதர் சிலர் 1686 நவம்பரில் வந்தனர். அவர்களுள் ஒருவரான மோசே பெரேரா தெ பைவா எழுதிய அறிக்கை மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அவர்கள் தங்கியது சில நாட்களே. ஆனால் அந்தச் சந்திப்பு தொடங்கிவைத்த கடிதத் தொடர்பும் நூல் பரிமாற்றமும் தலைமுறைகளுக்கு நீண்டன. 1768இல் கொச்சி யூதரின் வரலாறு குறித்து ஹேக் நகரத்துத் தோபியாஸ் போவாஸ் அனுப்பிய கேள்விகளுக்கு, கொச்சியின் பெருவணிகர் எசக்கியேல் ரகாபி விரிவாக விடை எழுதினார். யூதப்பள்ளிக்கு 1760இல் மணிக்கூண்டு கட்டியவரும் 1762இல் சீன ஓடுகளால் தளம் அமைத்தவரும் இவரே. டச்சுக் கப்பல் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வர ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆன காலம் அது. ஒரு கேள்விக்கு மறுமொழி பெற ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு விடையின் தரத்தை உயர்த்தியது. ரகாபியின் கடிதம் இன்றும் கொச்சி யூதர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு பாய்மரக் காலத்தைப் பொற்காலமாகக் கருதிவிடலாகாது. அக்கப்பல்கள் புகை கக்கவில்லை. ஆனால் மிளகின் ஏகபோகத்தையும் அடிமைகளையும் சுமந்தன. வான் ரீடேயின் ஆய்வுக்குப் பின்னால் கம்பெனியின் மருந்துத் தேவையும் அதிகாரமும் இருந்தன. காற்றால் ஓடியது என்பதற்காக ஒரு பயணம் நியாயமான பயணமாகிவிடாது. இன்னும் அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. அறிவு ஒரு திசையில் மட்டுமே பயணித்தது.

பரதேசி யூதப்பள்ளியில் காக்கப்பட்ட செப்பேடு, ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவி ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுவது. வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழி பழைய மலையாளமா, தமிழின் மேற்கு வழக்கா என்பது மொழியியலாளரிடையே நெடுநாள் வாதம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் இச்செப்பேட்டின் படியெடுப்பையும் எபிரேயச் சுவடிகள் பலவற்றையும் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசேர்த்தார். அச்சுவடிகளை ஆராய விரும்பும் மட்டாஞ்சேரியின் மாணவர் இன்றும் அங்கேதான் போக வேண்டும். 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' இலத்தீனில் இருந்ததால், அது யாருடைய அறிவிலிருந்து பிறந்ததோ அவர்களின் வழித்தோன்றல்களால் அதை வாசிக்க இயலவில்லை. தாவரவியலாளர் கா.சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாள மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் முதல் தொகுதி அச்சான 1678இலிருந்து கணக்கிட்டால், இட்டி அச்சுதனின் அறிவு அவருடைய மொழிக்குத் திரும்பிவர 330 ஆண்டுகள் ஆயின. இலத்தீன் வழியாக ஆம்ஸ்டர்டாம் சென்றதைவிட நீண்ட பயணம் இது.

எனவே பயணத்தை அறவே கைவிடுவதும் விடையாகாது. நேரில் கூடினால்தான் நிகழக்கூடியவை உண்டு. 1964 ஜனவரியில் டெல்லியில் 26ஆவது உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியது. அதற்கென்று பல நாடுகளிலிருந்து வந்திருந்த தமிழியல் அறிஞர்களைத் தனிநாயகம் அடிகளும், திருவனந்தபுரத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த வ.அய். சுப்பிரமணியமும் ஜனவரி 7 அன்று ஒன்றுகூட்டினர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அக்கூட்டத்தில் பிறந்தது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. அதன் தொடக்கக் கூட்டத்துக்கென்று தனியே எவரும் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே மேற்கொண்ட பயணம் ஒன்றுக்குள் இன்னொரு பணியையும் நிறைவேற்றிய மதிநுட்பம் அது. பருவக்காற்றுக் காலத்து வணிகனும் இப்படித்தான் ஒரு பயணத்தில் பல கருமம் முடித்துத் திரும்பினான்.

இன்று கொச்சியில் கூடும் ஒரு மாநாட்டுக்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். சென்னையிலிருந்து எறணாகுளம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஓரிரவு ரயில் பயணம். 2023 ஏப்ரலில் மின்கலப் படகுகளுடன் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ, 2025 அக்டோபர் முதல் மட்டாஞ்சேரிக்கும் வருகிறது. தென்னிந்தியாவிலிருந்து வருவோருக்கு விமானம் தேவையே இல்லை. தொலைவிலிருந்து பறந்தே வர வேண்டியவர், மூன்று நாளில் திரும்பாமல் ஒரு மாதம் தங்கலாம்: அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தலாம், சுவடிகளை மாணவர்களுடன் சேர்ந்து வாசிக்கலாம். அத்தகைய தங்கலுக்கு இடம் தரும் வகையில் நிதிநல்கைகளின் விதிகள் மாற வேண்டும். இப்போதோ அவை பெரும்பாலும் விமானச் சீட்டுக்கும் சில நாள் விடுதி வாடகைக்கும் மட்டுமே இடம் கொடுக்கின்றன. கேள்வி-விடை அளவில் நிறைவேறக்கூடிய பணிக்கு ரகாபியின் வழி போதும். இன்று அதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதுமில்லை.

இவற்றுக்கும் மேலாக, வெளியூர் அறிஞர் கொண்டுசெல்வது எந்த வடிவில், எந்த மொழியில், எப்போது திரும்பி வரும் என்பது மாநாடு தொடங்கும் முன்பே வரையறுக்கப்பட வேண்டும். கட்டணத் தடுப்புக்குப் பின்னால் ஆங்கிலத்தில் மட்டும் வெளியாகும் ஒரு கட்டுரை, மட்டாஞ்சேரியின் தகவலாளருக்குப் பதினேழாம் நூற்றாண்டின் இலத்தீனைப் போன்றதே. பயணத்தின் கரியமில வாயுக் கணக்கை விண்ணப்பப் படிவங்களில் கேட்கத் தொடங்கியிருக்கும் நிறுவனங்கள், இந்தத் திரும்பல் கணக்கையும் அதே படிவத்தில் கேட்கலாம். இட்டி அச்சுதனின் கோலெழுத்துச் சான்றுரையை இன்று சேர்த்தலையில் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வாரப் பயிலரங்கைப் பன்னாட்டு மாநாடு ஒன்று தன் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளுமானால், அதற்கென்று பறந்து வருபவரின் ஒரு டன்னுக்கு ஓரளவேனும் பொருள் இருக்கும்.