கஞ்சித் தொட்டி முதல் ஓய்வூதியம் வரை
வடசென்னையில் முதியோர் ஆதரவின் வரலாறும் ஜமாஅத்தின் கடமையும்

 

புழல் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று ஏரி, மற்றொன்று சிறைச்சாலை. ஆயினும் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றாகப் புழற்கோட்டம் விளங்கிய பழம்பெருமை நம் ஊருக்கு உண்டு. இத்தகைய தொன்மையான ஊரில், உழைத்து ஓய்ந்த முதியவரைத் தாங்குவது யார் பொறுப்பு? பிள்ளைகளின் பொறுப்பு என்று உடனே விடை கூறிவிடுவோம். அது மார்க்கம் கூறும் விடையும் ஆகும். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூடாதென்பது திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. ஆனால் பிள்ளையில்லாதவர், பிள்ளையிருந்தும் ஆதரவற்றவர், கணவனை இழந்த மூதாட்டி ஆகியோரின் நிலை என்ன? இக்கேள்விக்கு நம் சமுதாயமும் நம் வட்டாரமும் அரசும் காலந்தோறும் அளித்த விடைகளைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பைத்துல்மால் காட்டிய வழி

இஸ்லாமிய வரலாற்றில் முதியோர் ஆதரவைப் பற்றிப் பேசுவோர் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலிருந்தே தொடங்குவர். பார்வை இழந்த யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் யாசிப்பதைக் கலீஃபா கண்டார்கள். காரணம் வினவியபோது, ஜிஸ்யா வரியும் வறுமையும் முதுமையுமே தம்மை இந்நிலைக்குக் கொணர்ந்தன என்று முதியவர் கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவியதோடு நின்றுவிடவில்லை. பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்குமாறு பணித்தார்கள். அத்தகையோருக்கு வரியையும் நீக்கினார்கள். இமாம் அபூ யூசுஃப் அவர்களின் கிதாபுல் கராஜ் என்னும் நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உதவி பெற்றவர் மாற்று மதத்தவர். இரண்டாவது, அன்றைய நாளோடு முடிந்துபோகும் தர்மமாக அது அமையவில்லை. பொது நிதியிலிருந்து கிடைக்கும் உரிமையாக ஆக்கப்பட்டது. தர்மம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. உரிமை அவ்வாறன்று, அதற்குப் பதிவேடு உண்டு, பொறுப்பாளர் உண்டு.

இராயபுரத்துக் கஞ்சித் தொட்டி

நம் வடசென்னையிலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. 1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தபோது போரும் பஞ்சமும் சேர்ந்து கிராம மக்களைச் சென்னை நோக்கி விரட்டின. பசியோடு வந்த மக்களுக்காக 1782இல் மணியக்காரர் ஒருவரால் கஞ்சி வார்க்கும் இடமொன்று தொடங்கப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாவில் அது ‘மணேகர் சவுல்ட்ரி’ ஆயிற்று. தென்னாட்டில் முறையாக அமைந்த முதல் அறநிலையங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

கஞ்சிக்கு வந்தவர்களுள் நோயுற்றோர் பலர். ஆகவே 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1934இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது; 1938இல் மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. நம் பாட்டன்மார் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்ததன் காரணம் இதுதான். சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் இல்லமாக நிலைபெற்றது. பஞ்சம் தீர்ந்ததும் இளைஞர் ஊர் திரும்பியிருப்பர், வேலை தேடியிருப்பர். போக்கிடமற்ற முதியவருக்கு அவ்வழி இல்லை. ஆகவே பஞ்ச நிவாரணமாகத் தொடங்கிய ஓர் அறம் முதியோர் இல்லமாக முடிந்ததில் வியப்பில்லை.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு

முதியவருக்கு மாதந்தோறும் பணம் என்னும் முறை ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் பிறந்தது. 1889இல் ஜெர்மனி முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. 1908இல் இயற்றிய சட்டத்தின்படி பிரிட்டன் 70 வயது கடந்த ஏழைகளுக்கு 1909 முதல் வாரத்திற்கு 5 ஷில்லிங் வரை வழங்கியது. நம் அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு, முதுமையில் அரசின் உதவி கிடைக்கச் செய்வதை அரசின் வழிகாட்டும் நெறிகளுள் ஒன்றாக வைத்தது. 1957இல் உத்தரப் பிரதேசமும் 1960இல் கேரளமும் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கின.

நம் மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொகை மாதம் ரூ.20. தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து முதியவரின் கையில் கொடுத்தார். அதன்பின் 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கும், 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981இல் விவசாயக் கூலிகளுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உதவித்தொகை விரிவாக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1983 ஜனவரி முதல் உதவித்தொகை பெறும் முதியோரும் சேர்க்கப்பட்டனர். பேரப்பிள்ளைகள் உண்ணும் கூடத்திலேயே முதியவருக்கும் ஒருவேளை உணவு கிடைத்தது.

1995 ஆகஸ்டு 15இல் மத்திய அரசு தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டத்தை, மாதம் ரூ.75 என்னும் பங்களிப்போடு தொடங்கியது. தமிழகத்தில் தொகை 2006இல் ரூ.400 ஆகவும், 2011இல் ரூ.1,000 ஆகவும் உயர்ந்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் மாற்றமின்றி இருந்து, 2023 ஆகஸ்டில் ரூ.1,200 ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசி, மருந்து, வீட்டு வாடகை ஆகியவற்றின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தொகை முதியவரைக் காக்கப் போதுமானதன்று என்பது விளங்கும். ஆனாலும் பிறர் கையை எதிர்பாராமல் தன் பெயருக்கென வரும் அந்தத் தொகை ஒரு மூதாட்டிக்கு வீட்டில் அளிக்கும் மரியாதை சிறியதன்று.

புழலில் எந்த அலுவலகம்?

திட்டம் ஏட்டில் இருப்பது வேறு. அது வாசல் வந்து சேர்வது வேறு. உதவித்தொகை மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் செல்லும். நம் ஊர் 2011 வரை திருவள்ளூர் மாவட்டத்தின் பேரூராட்சி. அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு மாதவரம் மண்டலத்தில் சேர்ந்தது. ஆயினும் வருவாய்த் துறையில் மாதவரம் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடித்து, 2018இல்தான் சென்னை மாவட்டத்திற்கு வந்தது. ஆக, ஏழு ஆண்டுகள் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் சென்னை, உதவித்தொகை மனுவுக்குத் திருவள்ளூர் என்னும் நிலை இருந்தது. படித்தவரே தடுமாறும் இம்மாற்றத்தில் எழுத்தறியா முதியவர் எங்கே போய் நிற்பார்?

செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமந்தவர்கள், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள் நம் பகுதியில் அனேகர். நிரந்தரப் பணியில் இருந்தவருக்கு 1995இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. தினக்கூலிக்கு அது எட்டாது. 1982இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியங்களில் 60 வயதுக்கு முன்பே பதிவு செய்து, அதனைத் தவறாது புதுப்பித்தவருக்கே வாரிய ஓய்வூதியம். முதுமை வந்தபின் வாரியத்தைத் தேடிச் செல்வதில் பயனில்லை. மூட்டை தூக்கித் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் திரும்பி வரும் முதியோரின் சிரமமும் இக்காலத்துக்குரியது. மணியார்டர் காலத்தில் தபால்காரருக்கு முகம் தெரியும்; இயந்திரத்துக்கு முகம் தெரிவதில்லை.

நம் உலமாக்களும் நம் மூதாட்டிகளும்

ஐவேளையும் நம்மைத் தொழுகைக்கு அழைத்த மோதினார் முதுமையடைந்தால் என்ன செய்வார்? இமாமத் செய்தவர், மக்தபில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது ஆகியோரின் முதுமை எவ்வாறு கழியும்? இதற்காகவே தமிழக அரசு 1981இல் உலமா ஓய்வூதியத் திட்டத்தை ஏற்படுத்தியது. வக்ஃபு நிறுவனங்களில் 20 ஆண்டுகள் பணியாற்றி 60 வயது நிறைந்த பேஷ் இமாம், மோதினார், அரபி ஆசிரியர், முஜாவர் ஆகியோருக்கு உரியது இது. 2020இல் இத்தொகையை ரூ.1,500இலிருந்து ரூ.3,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு வந்தது. 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியமும் அமைக்கப்பட்டது.

இவ்வோய்வூதியத்திற்கு உயிர்நாடி பணிக்காலச் சான்று ஆகும். அச்சான்று பள்ளிவாசல் நிர்வாகத்தின் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். மோதினார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த ஆண்டு வரை பணியாற்றினார் என்பதை எழுதி வைக்காத நிர்வாகம், அறியாமலேயே ஒரு முதியவரின் உரிமையைப் பறித்ததாகிவிடும்.

ஆதரவற்ற முஸ்லிம் விதவைகள், முதிய பெண்கள் ஆகியோருக்கென மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் உள்ளன. சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு இணையாக அரசு மானியம் சேர்ப்பது இச்சங்கங்களின் அமைப்பு முறை. நாம் கொடுக்கும் ஒரு ரூபாய் பெருகிச் சென்று சேர்கிறது என்பதை வசதி படைத்தோர் அறிதல் வேண்டும்.

சட்டத்தின் துணை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழகம் அதற்கான விதிகளை 2009இல் வகுத்தது. கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை வழங்குமாறு பிள்ளைகளுக்கு ஆணையிட அதற்கு அதிகாரம் உண்டு. முதியவரைக் கைவிட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. பாசத்தின் மிகுதியால் ஹயாத்தோடு இருக்கும்போதே வீட்டை ஹிபாவாக எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடும் பெரியவர்கள், எழுதுமுன் மார்க்க அறிஞரையும் சட்டமறிந்தவரையும் கலந்துகொள்வது நலம்.

எனினும் தீர்ப்பாயம் கடைசிப் படியாகவே இருக்கட்டும். தந்தையையும் மகனையும் ஒரே பாயில் அமரவைத்துப் பேசும் வாய்ப்பு ஜமாஅத்துக்கு உண்டு. அலுவலகத்துக்கு அது இல்லை.

வாசல் தேடி வரும் சேவைகள்

முதியோர் மருத்துவத்திலும் சென்னைக்கு முன்னோடி இடமுண்டு. 1978இல் அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில், நாட்டிலேயே முதன்முறையாக, முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

சேவை முதியவரை நோக்கிச் செல்ல வேண்டுமென்ற எண்ணமும் அண்மைக்காலத்தில் வலுப்பெற்றது. 2016இல் மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தோருக்கு மாதம் 10 இலவசப் பயண வில்லைகள் வழங்கும் முறை வந்தது. 2021 ஆகஸ்டில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை இல்லத்திலேயே வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதே ஆண்டில் 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி எண் நாடெங்கும் அறிமுகமாயிற்று. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தோரின் இல்லத்திற்கே ரேஷன் பொருளைக் கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் நம் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் தொடங்கிவைக்கப்பட்டது.

வரலாறு கூறும் பாடம்

மேற்கண்ட வரலாற்றில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. உதவி எப்போதும் இருந்தது. ஆனால் தேவையுள்ளவரை அடையாளம் கண்டு அதனோடு இணைக்க ஒருவர் தேவைப்பட்டார். மதீனாவில் அப்பொறுப்பைக் கலீஃபாவே ஏற்றார்கள். இராயபுரத்தில் ஒரு மணியக்காரர் ஏற்றார். நம் மஹல்லாவில் அதனை ஏற்க வேண்டியது ஜமாஅத் ஆகும்.

இது நமக்குப் புதிய பணியன்று. 2001 முதல் ரமளான் நோன்புக் கஞ்சிக்காக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வந்துள்ளது. அதற்காக விண்ணப்பம் எழுதி, அலுவலகம் சென்று, அரிசியைப் பெற்றுவந்து சேர்ப்பதைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் திறம்படச் செய்து வருகின்றன. அதே உழைப்பில் ஒரு பங்கினை ஒரு மூதாட்டியின் மனுவுக்கு அளித்தால், அவருக்குப் பன்னிரண்டு மாதமும் கஞ்சி கிடைக்கும்.

ஆகவே மூன்று செயல்களைச் சமுதாயத்தின் முன் வைக்கிறோம். மஹல்லாவில் 60 வயது கடந்தோரின் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதில் யாருக்கு எந்த உதவி வருகிறது, எது வரவில்லை என்பதைக் குறிக்க வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் மனு எழுதித்தர, படித்த இளைஞர் இருவரை அமர்த்த வேண்டும். முதியவரோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அவர்கள் உடன்செல்ல வேண்டும். மனு முடிவாகும் வரையிலான இடைக்காலத்துக்குப் பைத்துல்மாலிலிருந்து சிறு தொகை ஒதுக்க வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரிப்படி, பக்கத்து வீட்டு மாற்று மதப் பெரியவரின் மனுவும் அம்மேசையில் எழுதப்படட்டும்.

இன்று மனு எழுதிக்கொடுக்கும் இளைஞருக்கும் ஒருநாள் முதுமை உண்டு. நம் முதியோரைக் கண்ணியத்தோடு பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.