அதிகாரம் எதுவரை?

பூக்கோவைப் படித்த நம்மவர்களுக்கு 'அதிகாரம்' என்றால் ஒரே அர்த்தம்தான். இலக்கணக்காரர்களுக்கு இன்னொன்று உண்டு: ஒரு விதியின் ஆட்சி எதுவரை செல்லும் என்பது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தொல்காப்பிய விருத்தியில் அதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இருந்த இடத்திலிருந்தே நாடு முழுவதையும் ஆளும் வேந்தன். மற்றது, நேரில் சென்று காரியம் நடத்தும் படைத்தலைவன். ஓரிடத்தில் வந்த சொல், பின்வரும் சூத்திரங்களிலும் சொல்லப்படாமலே நின்று பொருள் தருவதைத்தான் இப்படி விளக்குகிறார். உவமை அரசாங்கத்திலிருந்து வருவது தற்செயலாக எனக்குப் படவில்லை.

கணினி நிரல்மொழிகளும் இதே சிக்கலில் மாட்டின. ஒரு மாறிக்கு வைத்த பெயர் எதுவரை செல்லும்? 1960இல் வந்த அல்கால் 60 அறிக்கை, அறிவிக்கப்பட்ட தொகுதிக்குள் மட்டும் என்றது. பிரதியைப் பார்த்தே எல்லையைச் சொல்லிவிடலாம். தொடக்ககால லிஸ்ப்பில், ஒரு ஃபங்ஷனை யார் கூப்பிட்டார்களோ அவர்களிடமிருந்து பெயரின் மதிப்பு கூடவே வரும். ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் குடும்பத்திலேயே 1975இல் பிறந்த ஸ்கீம், எழுதப்பட்ட இடத்தையே எல்லையாக்கியது.

பைத்தானில் ஒரு விசித்திரம். வெளியே மதிப்புள்ள மாறிக்கு, ஃபங்ஷனுக்குள் எங்காவது புது மதிப்பு கொடுத்துவிட்டால், அதற்கு முந்தைய வரியில் அதைப் படித்தாலும் பிழை என்கிறது. ஏன் என்பது பைத்தான் ஆவணத்தின் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விக'ளில் ஒன்று. விதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனாலும் உரை தேவைப்படுகிறது.

உரை தேவைப்படுகிற இடத்தில் உரையாசிரியர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சூத்திரங்கள் தொடர்புறும் விதத்துக்கு நன்னூல் ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கு பெயர் வைத்தது. எது தவளை, எது பருந்து என்று அந்தந்தச் சூத்திரத்தில் எழுதியிருக்காது. வாத்தியார் சொல்லணும். அந்த வாத்தியார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

சிவஞான முனிவர் தாமிரபரணியின் மேற்கே விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். அதே ஆறு கடலை நெருங்கும் பக்கம், சாயர்புரத்துக்கு 1842இல் வந்தார் ஜி.யு. போப். நன்னூலை அச்சிட்டவர்தான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய இலக்கணம் வினாவிடை. ஞானோபதேசத்தின் வடிவம். சூத்திரத்தின் சுருக்கம் போச்சு. ஆனால் விடை பெரும்பாலும் தன் காலிலேயே நின்றது, தனியாக உட்கார்ந்து படிக்கலாம். கேள்வியையும் அவரே கேட்டுக்கொண்டார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்று தமிழில் நிரல் கையேடு எழுதுகிறவர்கள், ஒவ்வொரு மாறியின் எல்லையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று எடுத்துக்காட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். பத்து வரி கூடும், அவ்வளவுதான்.