சந்திரனில் இறங்கும் விளையாட்டு

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த பிங்காம்டன் என்ற ஊரில், ஊமைப்படக் கொட்டகைகளுக்கு ஆர்கன் வாத்தியமும் தானே வாசிக்கும் பியானோவும் செய்து விற்றுவந்த ஒரு தொழிற்சாலையின் நிலவறையில், முதலாளியின் மகனான எட்வின் லிங்க் என்ற இளைஞர், 1920-களின் இறுதியில், ஒருநாளும் தரையைவிட்டு எழும்பாத ஒரு விமானத்தைக் கட்டி முடித்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டுகிற துருத்திகளே அதற்கும் ஆதாரம். உள்ளே அமர்ந்திருப்பவன் கைப்பிடியை அசைக்கும்போது ஒரு துருத்தி உப்பும், எதிர்ப்பக்கத்துத் துருத்தி சுருங்கும், கட்டையாலும் கித்தானாலும் ஆன அந்தக் குட்டிக் கூடு நிஜ விமானத்தைப்போலவே சாயவும் திரும்பவும் செய்யும். 1931-இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பிலேயே, மாணவ விமானிகளுக்கான பயிற்சிச் சாதனம் என்றும் கேளிக்கைக் கருவி என்றும் இரண்டு உபயோகங்களும் சேர்த்தே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் விமானப் பள்ளிகள் அதை லட்சியம் செய்யவில்லை. காசு கொடுத்து ஏறிக்கொள்ளும் ராட்டினங்களோடு ராட்டினமாக, கேளிக்கைப் பூங்காக்களிலேதான் அதற்கு முதலில் இடம் கிடைத்தது. விண்வெளிப் பிரயாணத்தை வீட்டு மேஜைமேல் ஆடிப் பார்க்கிற இன்றைய விளையாட்டுகளுக்கு வம்சாவளி எழுதப் புகுந்தால், இந்தத் துருத்தி விமானத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பொம்மையாக இருந்தது பள்ளிக்கூடமானதற்குக் காரணம் ஒரு துர்ச்சம்பவம். 1934 பிப்ரவரியில், தபால் மூட்டைகளை ஆகாய மார்க்கமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த தனியார் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரத்துசெய்து, அந்தப் பொறுப்பை ராணுவத்தின் விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். குளிர்காலம், பனிமூட்டம், பூமி கண்ணுக்குத் தெரிந்தால்தான் விமானம் ஓட்டத் தெரியும் என்ற நிலையிலிருந்த இளம் விமானிகள், சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக மலைகளிலும் வயல்களிலும் விழுந்து மாண்டார்கள். அதன்பிறகே ராணுவம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக்குவதற்கென்று, ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு லிங்க் இயந்திரங்களை வாங்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐந்து லட்சம் பேருக்குமேல் அதில் பழகினார்கள்.

அந்த இயந்திரத்தில் நான் பெரிதாக மதிக்கும் அம்சம் துருத்தி அன்று. மாணவன் ஏறிக்கொண்டதும் தலைக்குமேல் மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே இருட்டும் கருவி முகப்புகளும் தவிர வேறொன்றும் இராது. வெளியே ஆசிரியரின் மேஜையில் ஒரு தேசப்படம் விரித்திருக்கும். அதன்மேல் மூன்று சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு வண்டி, மாணவன் திருப்பும் திசையெல்லாம் திரும்பி, மையால் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே ஊர்ந்துபோகும். அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பாடம் முடிந்து மூடியைத் திறந்து இறங்கி வருகிறவன், தான் நேராகப் பறந்ததாக எண்ணிக்கொண்டிருந்த வழி எங்கே கோணிற்று, எந்த மலையின் வயிற்றுக்குள் புகுந்தது என்பதை மை உலர்வதற்குள் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். விழுந்தாய் என்று மட்டும் சொல்லிவிடாமல், எங்கே, எப்படி, எவ்வளவில் விழுந்தாய் என்பதைக் காகிதத்தில் விட்டுச்செல்கிற இந்த யுக்தியே, பின்வந்த சரித்திரம் முழுவதிலும் வெவ்வேறு வேஷங்களில் தலைகாட்டுகிறது.

சந்திரனுக்கு மனிதரை அனுப்ப அமெரிக்கா முனைந்தபோது, அப்பல்லோ கலங்களுக்கான சிமுலேட்டர்களைக் கட்டியதும் லிங்க்கின் பெயர் தாங்கிய அந்த ஸ்தாபனமே. பெட்டிகளும் கண்ணாடிகளும் கண்டபடி ஒன்றோடொன்று மோதி நிற்பதுபோன்ற, அவற்றில் ஒன்றின் தோற்றத்தைப் பார்த்து, ரயில் விபத்து என்று ஜான் யங் என்ற விண்வெளி வீரர் அதற்குப் பட்டப்பெயர் இட்டார். வர்ஜீனியாவில் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தில் 1965 முதல் வேறொரு ஏற்பாடு நடந்தது: 240 அடி உயர இரும்புச் சட்டத்திலிருந்து ஓர் இறங்குகலத்தைக் கயிறுகளால் தொங்கவிட்டு, அதன் எடையில் ஆறில் ஐந்து பங்கைக் கயிறே தாங்கும்படி செய்தார்கள், கீழே மண்ணைக் கொட்டிப் பள்ளங்கள் அமைத்து, அவற்றின் நிழல்களைக் கறுப்புச் சாயத்தால் தீட்டி வைத்தார்கள். (போலிச் சந்திரன் செய்கிற இந்தக் கைத்தொழிலில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறை சந்திரனின் மேட்டுநிலத்துப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதால், சந்திரயானின் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிப்பதற்கு அதைத்தான் பொடித்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள்.) கயிறில்லாமல் நிஜமாகவே பறக்கும் பயிற்சிக் கலமும் ஒன்று இருந்தது. 1968 மே 6-ஆம் தேதி அது கட்டுமீறிக் கவிழத் தொடங்க, உள்ளேயிருந்த நீல் ஆம்ஸ்ட்ராங் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுப் பாராசூட்டில் தப்பினார். அவ்வகையில் கட்டிய ஐந்து கலங்களில் மூன்று இவ்வாறு நாசமாயின. உயிர்ச்சேதம் மட்டும் இல்லை.

ஆனால் விபத்துகளிலெல்லாம் பயனுள்ள விபத்து ஹூஸ்டனில், ஒரு பொருளும் உடையாமல் நடந்தது. பறப்பவர்களைப்போலவே, தரையிலிருந்து கண்காணிப்பவர்களுக்கும் ஒத்திகை உண்டு. அவர்களை இன்ன சமயத்தில் இன்ன கோளாறைக் கொடுத்து மடக்கவேண்டும் என்று திட்டமிடுவதற்கென்றே தனிக் குழு ஒன்று இருந்தது. அப்பல்லோ 11 புறப்படுவதற்குமுன் நடந்த ஓர் ஒத்திகையில், இறங்கிக்கொண்டிருந்த கலத்தின் கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டும்படி அக்குழுத் தலைவர் டிக் கூஸ் ஏற்பாடு செய்தார். வழிகாட்டுதலைக் கவனித்துவந்த ஸ்டீவ் பேல்ஸ் அந்த எண்ணின் தாத்பரியம் விளங்காமல், இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். எல்லோரும் அதுவே விவேகமான காரியம் என்று நினைத்திருக்க, பிந்திய விசாரணையில் கூஸ், கைவிட்டதுதான் பிழை, கம்ப்யூட்டர் வேலைப்பளுவால் முணுமுணுத்ததே தவிர முக்கியமான காரியங்களை விடாமல் செய்துகொண்டுதான் இருந்தது என்று எடுத்துக்காட்டினார். உடனே தலைமை அதிகாரி ஜீன் கிரான்ஸ், அவ்வகை எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று தீர்மானித்து வைக்கும்படி உத்தரவிட, ஜாக் கார்மன் என்ற இருபத்துநான்கு வயது இளைஞர் தம் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி மேஜையின் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார். 1969 ஜூலை 20-ஆம் தேதி நிஜமான இறக்கத்தில் 1202 என்ற எச்சரிக்கையும், பின்னர் 1201-உம் வந்தபோது, கார்மன் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பேல்ஸுக்குச் சொல்ல, பேல்ஸ் தொடரலாம் என்றார். ஒத்திகையில் தோற்றிராவிட்டால் அந்தக் காகிதம் எழுதப்பட்டிராது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லெக்ஸிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஸ்டோரர் என்ற மாணவர், பள்ளியின் உபயோகத்திலிருந்த பி.டி.பி-8 கம்ப்யூட்டருக்காக, ஃபோக்கல் என்ற கணினி மொழியில், சந்திரனில் இறங்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார். படம் கிடையாது, திரையே கிடையாது. விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் தடதடவென்று காகிதச் சுருளில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரம் ஒன்றுதான் சந்திரனும் ஆகாயமும். கலம் 120 மைல் உயரத்தில், மணிக்கு 3,600 மைல் வேகத்தில் வீழ்ந்துகொண்டிருக்கிறது. 32,500 பவுண்டு எடையில் 16,000 பவுண்டு எரிபொருள். பத்து விநாடிக்கு ஒருமுறை, விநாடிக்கு எத்தனை பவுண்டு எரிக்க விரும்புகிறாய் என்று இயந்திரம் கேட்கும். ஒன்றும் எரிக்காமல் விடலாம். எரித்தால் 8-க்கும் 200-க்கும் இடையில் ஓர் எண்ணைத் தட்டவேண்டும். தட்டியதும் புது உயரம், புது வேகம், மிச்ச எரிபொருள் என்று ஒரு வரி அச்சாகும்.

முதல்முறை ஆடுகிறவன் செய்யும் காரியம் எப்போதும் ஒன்றே. வேகத்தைக் கண்டு பயந்து, உயரத்திலேயே எரிக்கத் தொடங்கிவிடுகிறான். வேகம் குறைந்ததும் மனம் சமாதானமடைந்து, மெல்ல மெல்ல இறங்கலாம் என்று கலத்தை அந்தரத்திலேயே தாமதிக்க விடுகிறான். அங்கேதான் ஆபத்து. எரிபொருள் நிறைந்த அந்தக் கலம் கீழே போகாமல் நின்ற நிலையில் நிற்பதற்கே விநாடிக்கு ஏறக்குறைய 18 பவுண்டு செலவாகும். ஈர்ப்பு விசையோ, யாரும் கேளாமலே, பத்து விநாடிக்கு மணிக்கு 36 மைல் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் பொதிந்துள்ள எண்களைக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், முழு இறக்கமும் சுமார் 220 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், அதற்குமேல் எவ்வளவு சாமர்த்தியமாக எரித்தாலும் எரிபொருள் போதாது என்பது புலனாகிறது. ஆகையால் பிழைக்கும் வழி, முதல் எழுபது விநாடி வரையில் கையைக் கட்டிக்கொண்டு கலத்தைச் சும்மா விழவிட்டு, தரை நெருங்கிவிட்டதே என்று நெஞ்சு துடிக்கும் நேரத்தில் முழு பலத்தோடு எரிப்பது. இதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவன் தலையாட்டிவிட்டு மறந்துபோவான்; பள்ளத்தில் விழுந்தவன் மறப்பதில்லை.

பள்ளம் என்றது அலங்காரப் பேச்சு அன்று. ஸ்டோரரின் நிரல் இறக்கங்களைத் தரம் பிரித்திருந்தது. மணிக்கு ஒரு மைலுக்குள் என்றால் அற்புதம் என்று பாராட்டிவிட்டு, அதிர்ஷ்டம்தான் என்று ஒரு குத்தலும் சேர்க்கும். அதற்குமேல் சுமார், சேதம் என்று படிப்படியாக இறங்கி, 60 மைல் வரையில் ஐந்து மணி நேரத்துக்குப் பிராணவாயு இருக்கிறது என்று தெரிவிக்கும். அதையும் தாண்டினால், பிழைத்தவர் எவரும் இல்லை என்று அனுதாபம் சொல்லி, சந்திரனில் புதிதாக இத்தனை அடி ஆழத்தில் ஒரு பள்ளம் தோண்டிவிட்டாய் என்று பின்னம் தவறாமல் அச்சடிக்கும். மோதிய வேகத்தில் ஏறத்தாழ கால் பங்கே அடிக்கணக்கில் அந்த ஆழம். பூகர்ப்ப சாஸ்திரிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும், நேற்று நூறடி, இன்று நாற்பதடி என்று தன் அபிவிருத்தியைத் தானே அளந்துகொள்வதற்கு ஒரு முழக்கோல் கிடைத்துவிடுகிறது. காகிதச் சுருளைக் கிழித்து விரித்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் தட்டிய எண் தன்னைக் கொன்றது என்று பென்சிலால் தேடலாம். லிங்க்கின் நண்டு இழுத்த கோடுதான் இங்கே எண்களின் பத்தியாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் கம்பெனியான டெக், தன் ஊழியர் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் மொழி விளையாட்டுகளின் புத்தகத்தை 1973-இல் வெளியிட்டது. அதில் இந்த விளையாட்டு ஒன்றுக்கு மேற்பட்ட ரூபங்களில் இடம்பெற, அதைப் பார்த்து வரிவரியாகத் தட்டிப் பிழை திருத்திக்கொண்டே நிரல் எழுதக் கற்றவர்கள் ஒரு தலைமுறையினர். அதே ஆண்டில் அக்கம்பெனியின் கோடோவியத் திரையை விளம்பரப்படுத்துவதற்காக ஜாக் பர்னஸ் என்பவர் எழுதிய விளையாட்டில், ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு விசையைக் கூட்டிக் குறைக்கலாம்; சரியான இடத்தில் இறங்கினால் மக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்று தென்பட, வீரர் இறங்கி நடந்துபோய்ப் பலகாரம் வாங்குவார்; அதன்மேலேயே விழுந்தாலோ, சந்திரனில் இருந்த ஒரே கடையையும் பாழாக்கிவிட்டதாக வசை விழும்.

1979-இல் அட்டாரி கம்பெனி இதைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கிற்று. அழகான கோடோவியம், நல்ல விசைப்பிடி. ஆனால் எரிபொருள் தீர்ந்தால் இன்னொரு காசு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி செய்துவைத்தார்கள். வியாபாரத்துக்கு உகந்த யோசனைதான் என்றாலும், சிக்கனம் என்ற பாடத்தின் அடிமடியிலேயே கைவைத்துவிட்ட யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது. சில மாதங்களில் அக்கம்பெனியின் வேறொரு விளையாட்டான ஆஸ்டிராய்ட்ஸ் பிரக்யாதி அடையவே, இதற்கென்று செய்த பெட்டிகள் சிலவற்றில் அதையே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பாடத்துக்கு மறுபடி உரிய ஸ்தானம் கிடைத்தது மெக்ஸிகோ நகரத்தில். ஃபெலிப்பே ஃபலாங்கே, ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; சிறுவயதில் பட்டாசு ராக்கெட்டுகளில் தகரத்தாள் பொம்மைகளைக் கட்டிப் பறக்கவிட்டு, அவற்றைக் கெர்பல் என்று அழைத்துவந்தவர். அந்தப் பெயரிலேயே அவர் உண்டாக்கிய கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டு 2011 ஜூனில் முதலில் வெளிவந்து, 2015 ஏப்ரலில் பூர்த்தியடைந்தது. இங்கே கலத்தைக் கட்டுவதும் ஆடுபவனே. அவன் செய்யும் முதல் தவறும் மாறாதது: ராக்கெட்டை நேர்மேலே செலுத்தி, காற்று மண்டலத்தைத் தாண்டிவிட்டோம் என்று களித்திருக்கையில், அது வந்த வழியே திரும்பி விழக் காண்கிறான். சுற்றுப்பாதை என்பது உயரத்தால் கிடைப்பதன்று, பக்கவாட்டில் பெறும் வேகத்தால் கிடைப்பது. பூமியைவிட மிகச் சிறியதான, அந்த விளையாட்டின் கற்பனைக் கிரகத்திலேயே விநாடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குமேல் வேண்டும். நம் பூமியிலோ ஏறத்தாழ எட்டு. வெடித்துச் சிதறியபின், எந்த விநாடியில் எந்தப் பாகம் எதனோடு மோதிற்று என்று ஒரு குறிப்பேடு திரையில் விரிகிறது. பக்கத்திலேயே ஏவுதளத்துக்குத் திரும்பு என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. பொத்தானை அவசரப்பட்டு அழுத்துகிறவர்களைவிடக் குறிப்பேட்டைப் படிக்கிறவர்கள் சீக்கிரம் சந்திரனை அடைகிறார்கள்.

இனி, ஸ்டோரரின் நிரலைப்பற்றி ஒரு விஷயம் பாக்கி. மிகக் குறைந்த எரிபொருளில் இறங்கும் வழியைக் கணக்கிட முயன்ற மென்பொருள் நிபுணர் ஒருவர், தம் விடையும் விளையாட்டின் விடையும் இழைய மறுப்பதைக் கண்டு, நிரலைத் துருவிப் பார்த்து, இரண்டால் வகுக்கவேண்டிய ஓரிடத்தில் வகுக்காமல் விடப்பட்டிருப்பதை 2024-இல் வெளிப்படுத்தினார். பத்து விநாடித் தவணைக்குள் கலம் தரைக்குச் சற்றே மேலாகத் தாழ்ந்து மறுபடி எழும்புகிறதா, அல்லது தொட்டுவிடுகிறதா என்று தீர்மானிக்கும் இடம் அது. நூறடிப் பள்ளம் தோண்டியவர்களின் கணக்கு அந்த இடத்துக்குள் வரவேயில்லை. தரையை மயிரிழையில் உராயும் அளவுக்கு ஒருவர் தேர்ச்சி பெறும்வரையில், ஐம்பத்தைந்து வருஷம் அந்தப் பிழை நிரலுக்குள்ளேயே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.