எரித்த பிறகு மிஞ்சிய ஒரு பிரதி

பேங்க்ஸி என்ற இங்கிலாந்துத் தெரு ஓவியரை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு சிப்பாய்கள், ஒருவன் துப்பாக்கியோடு காவல் நிற்க, இன்னொருவன் சுவரில் சமாதானச் சின்னம் வரைகிறான். ஈராக் போரை எதிர்த்து 2003-ல் வந்த இந்தப் படத்தை 2005-ல் 700 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். பிரதி குறைவு, ஆள் அதிகம், விலை ஏறும். பி.காம் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

நம் நாட்டிலும் அப்படி ஒரு அச்சு உண்டு. அங்கே பிரதிகளைக் குறைத்தது ஓவியர் அல்ல, அரசாங்கம்.

ஓவியர் பெயர் சித்தப்ரோசாத் (1915-1978), வங்காளி. பட்டாச்சார்யா என்ற சாதிப் பெயரைத் தூக்கி எறிந்தவர். கிராமத்து மக்களுக்காகப் போஸ்டர் வரைந்து தொடங்கியவர். 1943-ல் வங்காளப் பஞ்சம் வந்தபோது, மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், தெருவில் கிடந்தவர்களை மையால் வரைந்தார். கூடவே பார்த்ததையும் எழுதினார். அது 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு புத்தகமாக 5000 பிரதிகள் அச்சானது. பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்துவிட்டது.

சோறில்லாதவர்கள் படத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்? காரணம், அந்தப் பஞ்சம் வெறும் இயற்கைச் சீற்றம் இல்லை. 1942 அக்டோபரில் புயல் அடித்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று வங்காளக் கரையோரப் படகுகளை அரசே பறித்தது. போர்ச் செலவால் பணம் பெருகியது. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மௌண்ட் (சுமார் 37 கிலோ) அரிசி 14 ரூபாய்க்குள் இருந்தது. 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. கூலிக்காரன் கூலி அப்படி ஏறவில்லை. 30 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். அரிசி இருந்தும் வாங்க வழியில்லாமல் போனதே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதினார். சின்ன வெங்காயம் விலையைப் பார்த்துக் குடும்பம் நடத்தும் பெரம்பலூர்க்காரர்களுக்கு இது பட்டென்று புரியும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சித்தப்ரோசாத் இருந்த கம்யூனிஸ்ட் கட்சி அப்போது பாசிசத்துக்கு எதிரான போர் என்று அந்தப் போரை ஆதரித்தது. அதனால் இது 'போர் வேண்டாம்' என்று கோஷம் போடும் புத்தகம் இல்லை. ஆனால் குண்டு விழாத ஊரிலும் போர் ஆளைக் கொல்லும் என்பதை இதைவிட நன்றாக எப்படிக் காட்டுவது? அரசு எரித்ததே அதற்குச் சாட்சி என்பேன். பின்னாளில், 1950-களில், அவர் உலக சமாதான இயக்கத்திலும் ஈடுபட்டார்.

அவருக்கு லினோகட் முறை பிடித்திருந்தது. லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தினால் படம் ரெடி. மலிவு, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். சாமானியன் வீட்டுக்கும் படம் போக வேண்டும் என்பதே நோக்கம். 700-க்கு மேல் கிடையாது என்பதற்கு நேர் எதிர்!

எரித்ததில் தப்பிய ஒரு பிரதியை அவர் குடும்பத்தார் வங்கி லாக்கரில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து 2011-ல் டெல்லி ஆர்ட் கேலரி அப்படியே மறுபதிப்பு செய்தது. ஒரே பிரதி என்பதால் அதற்கு இன்று மதிப்பு அதிகம் என்று சந்தை சொல்லும். எனக்கு என்னவோ, அது மறுபடி பல பிரதிகள் ஆனதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.