ஹோப்டவுனில் சாவு, கில்டேரில் கல்லறை

 அந்தமானின் போர்ட் பிளேர் துறைமுகத்தின் வடகரையில் மவுண்ட் ஹாரியட் மலை, அடிவாரத்தில் ஹோப்டவுன். 1872 பிப்ரவரி 8 மாலை, மலைமீது சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த வைஸ்ராய் மேயோ பிரபுவை, இருட்டிவிட்ட படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்திச் சாய்த்தார். மார்ச் 11இல் வைப்பர் தீவில் ஷேர் அலிக்குத் தூக்கு.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. மேயோவின் உடல் எங்கே போனது?

அவர் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். கல்கத்தா போய், அங்கிருந்து கடல் கடந்து ஊர் சேர்ந்தது உடல். வழியில் கெடாமலிருக்க ரம்மில் ஊறவைத்தார்கள் என்று சொல்லி, 'ஊறுகாய்ப் பிரபு' என்று பட்டம் கட்டிவிட்டார்கள் குறும்புக்காரர்கள். கில்டேர் மாவட்டத்து ஜான்ஸ்டவுன் சிற்றூரில், இடிந்து கிடக்கும் இடைக்காலத் தேவாலயத்தில் அவரைப் புதைத்தார்கள். கல்லறைமேல் வளையம் சூழ்ந்த அயர்லாந்துச் சிலுவை நிற்கிறது.

வைஸ்ராய்க்குப் போயும் போயும் இடிபாடா என்று நமக்குத் தோன்றும். அந்த ஊர் வழக்கம் அப்படி. அதே மாவட்டத்தில் மூன், காசில்டெர்மட் ஆகிய ஊர்களில் ஆயிரம் ஆண்டு தாண்டிய கருங்கல் சிலுவைகள் நிற்கின்றன. மூன் சிலுவை ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். அவற்றை நட்ட துறவிகளின் மடங்கள் மறைந்துவிட்டன. எஞ்சிய மடங்களை 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மூடவைத்தார். பூசை நின்றது, கூரை விழுந்தது. புதைப்பது மட்டும் நிற்கவில்லை. பாட்டன் கிடக்கும் மண்ணில்தான் பேரனும் கிடக்க வேண்டும். பக்கத்து ஊக்டரார்டில் இடிந்த வட்டக் கோபுரமும் பழைய தேவாலயமும் உள்ள மேட்டில்தான் 1803இல் பீர் வியாபாரி ஆர்தர் கின்னஸை அடக்கம் செய்தார்கள். பணம் இல்லாத குறையால் அல்ல!

சாகும் நாளில் மேயோ சுற்றிப் பார்த்த, போர்ட் பிளேர் எதிரே உள்ள ராஸ் தீவிலும் இன்று கூரையில்லாத தேவாலயம் இருக்கிறது, கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. 1941 நிலநடுக்கம், மறு ஆண்டு ஜப்பானியப் படை என்று அடுத்தடுத்து வர, வெள்ளைக்காரக் குடியிருப்பு காலியானது. மரவேர்கள் சுவர்களைக் கவ்வியிருக்கின்றன. படகில் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே யாரையும் இப்போது புதைப்பதில்லை. கில்டேரில் செத்தவருக்குப் பக்கத்துத் தெருவில் சொந்தம் உண்டு. ராஸில் கிடப்பவர்களோ உத்தியோகத்துக்கு வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான்.