பட்டம் பெறாத ஊழியர்: தஞ்சை இராசநாயக்கன்

எம் இளமைப் பருவத்தில் எம் ஊர் ஆலயத்தில் வடபுறம் ஒரு சாரார், தென்புறம் ஒரு சாரார் என அமரும் வழக்கம் இருந்தது. அவ்வாறு அமருமாறு எவரும் கட்டளையிடக் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் கால்கள் தாமாகவே தத்தம் பக்கம் சென்றன. கல்லறைத் தோட்டத்திலும் அவ்வாறே. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்நாளில் யாம் வினவியதில்லை. ஆசிரியப் பணியேற்று வரலாறு கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அதன் வேரைத் தேடினோம். தேடிச் சென்ற வழியில் நம் குலத்துப் பெரியவர் ஒருவரைக் கண்டோம். அவரைப் பற்றி நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள இவ்வெள்ளி விழா மலர் ஏற்ற இடமெனக் கருதுகிறோம்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்குவும் புளுச்சோவும் டேனியரின் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழில் அச்சேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அவ்வாலயத்திலும் உயர்சாதிக் கிறித்தவரும் பறையர் குலக் கிறித்தவரும் தனித்தனியே அமர்ந்தனர். எம் ஊர் வழக்கத்தின் வேர் இத்துணை ஆழமானது!

தரங்கம்பாடி சிறு நிலப்பகுதி. அதன் எல்லைக்கு அப்பால் தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சி. அந்நாட்டுக்குள் ஐரோப்பியப் போதகர் விரும்பியவாறு செல்ல இயலாது. எனவே அங்கே சபை தோன்ற வேண்டுமாயின், அந்நாட்டுத் தமிழர் ஒருவரே அதைத் தாங்க வேண்டியிருந்தது. தாங்கியவர்தாம் இராசநாயக்கன்.

1700ஆம் ஆண்டில் பிறந்தவர், பறையர் குலத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் அவர் கைக்கு வந்தது. அதை அவர் தாமே படித்தார். இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். நம் முன்னோர் எல்லாரும் எழுத்தறியாதவர் என்று நாமே மேடைகளில் சொல்லிவருகிறோம். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் படைவீடு ஒன்றில் நம் குலத்து வீரர் ஒருவர் ஏட்டை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லுதல் வேண்டும். படித்ததைத் தம்மோடிருந்த வீரர்க்கும் எடுத்துரைத்தார். 1727ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிப் போதகருடன் தொடர்புகொண்டார். பின்னர்ப் படைப்பணியைத் துறந்து உபதேசியாரானார்.

அதன் விலை கடுமையாயிருந்தது. நேற்றுவரை உடன் வழிபட்டவர்களே பகைவராயினர். நிகழ்ந்த தாக்குதலில் அவர் தந்தையார் உயிரிழந்தார். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் அக்காலத்தில் ஒருவரையொருவர் பகைத்த பகையின் விளைவு இது. இன்று அப்பகையைத் தூண்டுதற்கு யாம் இதை எழுதவில்லை. தந்தையை இழந்த பின்னும் அவர் ஊர் ஊராகச் சென்று சிறு சிறு கூட்டங்களைச் சேர்த்துக் கற்பித்துவந்தார் என்பதே நாம் கருதத்தக்கது.

பகைவர் இழைத்த துன்பம் இவ்வளவு. தம்மவர் செய்தது இதனினும் நுண்ணியது.

1733இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் வழங்கப் போதகர்கள் முடிவு செய்தனர். எண்ணிப் பார்க்கப்பட்டவர்களுள் இராசநாயக்கனும் ஒருவர். அவருடைய உழைப்பையோ ஒழுக்கத்தையோ எவரும் குறை கூறவில்லை. தடையாக நின்றது அவர் பிறப்பு. அவர் கையால் திருவிருந்து வழங்கப்பட்டால் உயர்சாதிக் கிறித்தவர்க்குத் திருவிருந்தின்மீதே மதிப்புக் குறைந்துவிடும் எனப் போதகர்கள் அஞ்சினர். அவ்வாண்டு திசம்பர் 28ஆம் நாள் கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன் பட்டம் பெற்றார். ஆரோன் நல்லவர்; உழைப்பாளர்; அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆயினும், தச்சர் வீட்டில் வளர்ந்தவரின் விருந்தைப் பரிமாறுதற்கு ஒருவருடைய கை தாழ்ந்தது என்று தீர்ப்பளித்தவர்கள், கடல் கடந்து சமத்துவம் போதிக்க வந்தவர்கள் அல்லரோ? அவர்களுக்குத் தமிழ் வந்தது; வேதம் வந்தது; துணிவுதான் வரவில்லை. 1741இல் அடுத்த பட்டம் தியோகு என்பவருக்கு வழங்கப்பட்டது.

இச்செய்தியை நம் மாலை வகுப்பில் கூறியபோது இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, இத்துணை அவமதிப்புக்குப் பின்னும் அவர் விலகாதது அடிமைத்தனம் அன்றோ?” என வினவினார். நல்ல வினா. உடனே விடையிறுக்க எம்மால் இயலவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்தோம். அவர் சபையினரின் தயவை நம்பி வந்தவராயின், அத்தயவு பொய்த்த நாளிலேயே சென்றிருப்பார். அவரோ நூலைத் தாமே படித்துத் தெளிந்தவர். போதகரைக் காண்பதற்கு முன்பே அவர்க்கு நம்பிக்கை தோன்றிவிட்டது. போதகர் கொடாத ஒன்றைப் போதகர் பறிக்க இயலாதன்றோ? எனினும், அவர் பொறுமையைப் புகழ்ந்து அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைக்கும் சொற்பொழிவுகளை யாம் ஏற்பதில்லை. அவர் பொறுத்தார் என்பதனால் அது நீதியாகிவிடாது. அவ்விளைஞர்க்கு இதையே கூறினோம். அவர் முழுதும் ஒப்பினார் என்று சொல்வதற்கில்லை.

சரியாக நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியில் 700 பேரளவில் சபையை விட்டு வெளியேறினர். நம்மவரோடு ஒன்றாக அமர்வதைக் காட்டிலும் சபையைத் துறப்பதே மேலெனக் கொண்டனர். சபையை விட்டு விலக நம்மவர்க்கு நூறாண்டுக் காலம் காரணம் இருந்தது. காரணம் ஒரு நாள் தமக்கு நேர்ந்தவுடனே விலகியவர் எவர் என்பதை இளைஞர்கள் நோக்குக.

இராசநாயக்கனிடம் மீள்வோம். ஆரோன் 1745இல் காலமானார். சுவார்ட்சு ஐயர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது, இராசநாயக்கன் இருபதாண்டுக்கு மேல் ஊழியம் செய்து முதிர்ந்திருந்தார். சுவார்ட்சு தஞ்சையில் நிலையாகத் தங்கிப் பெயர் விளங்கச் சபை வளர்த்தது 1778 முதல். அம்மண்ணில் பல்லாண்டு நடந்து பண்படுத்தியவர் அதைக் காணவில்லை. பட்டம் மறுக்கப்பட்ட பின் 38 ஆண்டுகள் உழைத்து, 1771இல், உபதேசியாராகவே அவர் மறைந்தார்.