நைஜல், ஏட்ரியன் ஆன கதை

மற்ற குடும்பங்களெல்லாம் சஃபாரி பூங்காவுக்குப் போகின்றனவே, நாம் மட்டும் ஏன் போவதில்லை என்று ஒரு பையன் தன் அம்மாவிடம் கேட்டான். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர் நகரத்து அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த குடும்பம் அது. அம்மாவின் பெயர் சூ டவுன்சென்ட். வேறொருவராக இருந்தால் ஓர் அதட்டலோடு விஷயம் முடிந்திருக்கும். டவுன்சென்டின் காதில் கேள்வியைவிட அதன் தொனிதான் விழுந்தது. ‘இவர்கள் நிஜமாகவே என் பெற்றோர்தானா’ என்று சந்தேகப்படும் வயதின் சிணுங்கல், தன்னிரக்கம், லேசான மேட்டிமை எல்லாம் அதில் இருந்தன. தாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. பின்னால் தாம் எழுதிய டைரி நாவலின் நாயகன் ஏட்ரியன் மோல் என்ற பையனின் குரல் அந்த நொடியில் கிடைத்ததாகப் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். சொந்த வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்து, அப்படியே புத்தகத்தில் வைத்த வரி அது ஒன்றுதானாம்.

அந்தக் குரலைப் பிடிக்க அவருக்கு இருந்த தகுதி கல்லூரிப் படிப்பு அல்ல. 1946இல் பிறந்தவர். அப்பா தபால்காரர், அம்மாவுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை. எட்டு வயது வரை அவருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மைக்கட்டு வந்து பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடந்த நாட்களில், பழைய சாமான் விற்பனையில் வாங்கி வந்த ரிச்மல் கிராம்ப்டனின் வில்லியம் கதைகளை வைத்து அம்மாதான் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். விஷமக்காரப் பையன் ஒருவனின் அட்டகாசங்கள்தான் அந்தக் கதைகள். நகைச்சுவை எழுத்தாளர் ஆகப்போகும் குழந்தைக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி வாய்த்திருக்காது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியவரை ஒருவகைப் பள்ளிக்கும் தேறாதவரை வேறுவகைப் பள்ளிக்கும் பிரித்து அனுப்பிவிடுவார்கள். டவுன்சென்ட் தேறவில்லை. பதினைந்து வயதுவாக்கில் படிப்பு நின்றது. உணவுப் பொட்டலம் கட்டும் வேலை, பெட்ரோல் பங்க் வேலை என்று போனார். வண்டி வராத நேரத்தில் படிக்கலாம் என்பது பெட்ரோல் பங்கின் சௌகரியம். ருஷ்ய நாவல்களை விழுங்கிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வயதில் கல்யாணம். இருபத்து மூன்றுக்குள் மூன்று குழந்தைகள். பிறகு கணவர் பிரிந்து போனார். அந்த நாட்களின் வறுமையைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அரசு உதவி அலுவலகத்தில் கைவிரித்த ஒரு நாளில், காலி சோடா பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்து வந்த சில்லறையில் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியிருக்கிறார். குழந்தைகள் தூங்கியபின் எழுத உட்காருவார். எழுதியதை யாரிடமும் காட்டமாட்டார், ஒளித்து வைத்துவிடுவார். வருடக்கணக்கில் இப்படி ஓடியது. இரண்டாவது கணவர் காலின் பிராட்வேயிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னபோது, லெஸ்டர் ஃபீனிக்ஸ் நாடக அரங்கில் இயங்கிய எழுத்தாளர் குழுவுக்குப் போகச் சொன்னவர் அவர்தான். 1978இல் போனார். கூச்சத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், நாடகம் எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும் மகளிர் நோய்ப் பிரிவின் காத்திருப்பு அறையைக் களமாக வைத்து ‘வும்பராங்’ எழுதினார். அது தேம்ஸ் டெலிவிஷன் நாடகாசிரியர் விருதையும், அதே அரங்கில் எழுத்தாளராக ஒரு பொறுப்பையும் அவருக்குப் பெற்றுத் தந்தது.

ஒளித்து வைத்திருந்த காகிதங்களிலிருந்து டைரிப் பையன் வெளியே வந்தது இதற்குப் பிறகுதான். அப்போது அவன் பெயர் நைஜல் மோல். டவுன்சென்டும் சேர்ந்து நடத்திய, அற்பாயுளில் நின்றுபோன கலை இதழ் ஒன்றில் முதலில் தலைகாட்டினான். பிறகு நாடக வட்டத்து நண்பரின் தூண்டுதலில் கைப்பிரதி பிபிசி வானொலி நாடகப் பிரிவில் ஜான் டைட்மனின் மேசைக்குப் போயிற்று. 1982 ஜனவரி 2 அன்று ரேடியோ 4இல் அரை மணி நேர நிகழ்ச்சியாக ஒலித்தது: பதிமூன்றேகால் வயது நைஜல் மோலின் டைரி. பேசுவதற்கென்றே பிறந்த பாத்திரம் அது. அச்சில் படிக்கும்போதும் ஒரு பையன் நம் காதருகே முனகுவதுபோல் இருப்பதற்கு நாடக அரங்கும் வானொலியும் தந்த பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

நிகழ்ச்சியைக் கேட்ட மெத்யூன் பதிப்பகம் புத்தகமாகக் கேட்டது. பெயரில் ஒரு சிக்கல். 1950களில் ஜெஃப்ரி வில்லன்ஸ் எழுத, ரொனால்ட் சர்ல் படம் வரைந்த நகைச்சுவை நூல்களின் நாயகன் நைஜல் மோல்ஸ்வர்த். அவனும் பள்ளிப் பையன், இவனும் பள்ளிப் பையன். நைஜல் மோல் என்று அட்டையில் போட்டால் பழையவனின் நிழல் என்றுதான் வாசகர்கள் நினைப்பார்கள். அதனால் இவன் ஏட்ரியன் ஆனான். நைஜல் என்ற பெயரை வீணாக்காமல் அவனுடைய நண்பனுக்கு வைத்துவிட்டார் டவுன்சென்ட். வயதும் அரை வருடம் கூடியது. 1982 அக்டோபரில் வந்த புத்தகத்தில் அவனுக்குப் பதிமூன்றே முக்கால்.

கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 1981 புத்தாண்டுத் தீர்மானங்களோடு டைரி தொடங்குகிறது. முகத்தில் பரு. தான் ஓர் அறிவுஜீவி என்ற நம்பிக்கை. வகுப்புக்குப் புதிதாக வந்த பண்டோரா மீது காதல். கணக்குப் பாடத்துக்கு மட்டம் போடலாம் என்பதற்காக முதியோருக்கு உதவும் குழுவில் சேர்கிறான். பெர்ட் பாக்ஸ்டர் என்ற 89 வயதுக் கம்யூனிஸ்ட் கிழவரும் அவருடைய முரட்டு நாயும் தலையில் விழுகிறார்கள். பள்ளி ரௌடி பாரி கென்ட் மிரட்டிப் பறித்த பணத்தை, பாட்டி நேரே அவன் வீட்டுக்குப் போய் வசூலித்துக்கொண்டு வருகிறார். கவிதை எழுதுகிறான். கவிதைகள் மோசம். அவை எந்த அளவுக்கு மோசமாக இருக்க வேண்டும் என்பதில் டவுன்சென்ட் காட்டிய நிதானம் பெரிய கவிஞர்களுக்கு உரியது.

ஆனால் புத்தகத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஏட்ரியன் எல்லாவற்றையும் பார்க்கிறான், எழுதியும் வைக்கிறான், எதுவும் அவனுக்குப் புரிவதில்லை. பக்கத்து வீட்டு லூக்கஸ் அம்மாவுக்கு ஓடி ஓடி உதவுவதை நல்ல மனசு என்று குறித்துக்கொள்கிறான். நமக்கு விஷயம் உடனே விளங்கிவிடுகிறது. அம்மா அந்த மனிதரோடு ஷெஃபீல்டுக்குக் கிளம்பும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. நடுவிலுள்ள பக்கங்களில் நாம் சிரித்துக்கொண்டே அவனுக்காகப் பயந்துகொண்டிருக்கிறோம். பெரியவர்களைப் பற்றிய நாவலை, அந்தப் பெரியவர்களைத் துளியும் புரிந்துகொள்ளாத ஒருவனை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். குடும்பம் உடைகிற கதையை நேராகச் சொல்லியிருந்தால் அழுகாச்சி நாவலாகியிருக்கும். இத்தனைக்கும் இதைச் சிறுவர் புத்தகம் என்று எண்ணி அவர் எழுதவில்லை. பெரியவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவன் வயதுப் பிள்ளைகள் அவனோடு சேர்ந்து கவலைப்பட்டார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே வரியால் பிடித்த பதின்வயது நாவல்கள் அதிகமில்லை.

காலமும் உள்ளே இருக்கிறது. வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பான அதே ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. புத்தகத்தில் ஏட்ரியனின் அப்பாவுக்கும் வேலை போகிறது. தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்த, அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்துக்கு யாரோ மீசை வரைந்து, மார்பின் மேல் அந்த முப்பது லட்சத்தையும் எழுதிவைக்கிறார்கள். கறுப்பு சாக்ஸுக்குப் பதில் சிவப்பு சாக்ஸ் அணிவதே பள்ளியில் பெரிய புரட்சியாகிறது. சோடா பாட்டில் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தாயின் கோபம் இந்த இடங்களில் இருக்கிறது. பையனுக்கு அந்தக் கோபம் தெரியாது. பருவைப் பற்றி எழுதிய கையோடு அதையும் எழுதிவிட்டுப் போகிறான்.

ஒரு மாதத்துக்குள் புத்தகம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஒரு வருடத்தில் பத்து லட்சம் பிரதிகள். 1984இல் இரண்டாம் பாகம், இசை நாடகம், 1985இல் தொலைக்காட்சித் தொடர். மொத்தம் எட்டு நூல்களில் ஏட்ரியனுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. முதல் இரண்டும்தான் அசல் சரக்கு என்பது என் கட்சி. நாற்பது வயது ஆண் தன்னைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதில் சிரிப்பைவிட அலுப்பு கூடுதல். நீரிழிவால் கண்பார்வை போன பிறகும் டவுன்சென்ட் எழுதுவதை விடவில்லை. அவருக்குச் சிறுநீரகம் தானம் கொடுத்தவர் மூத்த மகன் ஷான், சஃபாரி பூங்கா கேட்ட அதே பையன். 2014 ஏப்ரலில், 68ஆம் வயதில் டவுன்சென்ட் இறந்தார்.

வானொலிக்குக் கைப்பிரதியைத் தேர்ந்த டைட்மனை அவர் சும்மா விடவில்லை. டைரிக்குள் ஏட்ரியன் தன் கவிதைகளை பிபிசிக்கு அனுப்புகிறான். பதில் போடும் அதிகாரியின் பெயர் ஜான் டைட்மன். வயதைக் கருத்தில் கொண்டு பாராட்டுகிறார், கவிதையை மட்டும் ஒலிபரப்ப மறுக்கிறார்.